இங்கேயும் ஆஸ் இறக்கத் தெரிந்தவர்கள்

இங்கிலாந்தின் தென்கரையில் சவுத்தாம்ப்டன். அந்த ஊரில் பிட்டர்ன் என்ற பகுதியில் உள்ள தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் ஜோ ஹாரியட் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஜமைக்காவில் பிறந்து, லண்டனில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்து, 44 வயதில் கையில் காசில்லாமல் இறந்துபோனவர். அவர் சொன்ன ஒரு வாக்கியத்தையே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: "பார்க்கரா? இங்கே இருக்கிறவர்களிலும் சில ஆஸ் இறக்கத் தெரிந்தவர்கள் உண்டு." ஆஸ் என்பது சீட்டாட்டத்தின் பெரிய சீட்டு.

பார்க்கர் என்றால் சார்லி பார்க்கர். 1940களில் அமெரிக்காவில் ஜாஸைத் தலைகீழாகப் புரட்டிப் போட்ட ஆல்டோக்காரர். ஹாரியட் சொன்ன "இங்கே", பிரிட்டன். யாரோ பார்க்கரின் பெருமையை அவரிடம் அளந்திருக்க வேண்டும். அதற்கு அவர் போட்ட பதிலாக அதை நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தை ஒட்டித்தான் இந்தக் கட்டுரை முழுவதும்.

நாற்பது வயதைத் தாண்டித்தான் நான் சாக்ஸபோனைக் கையில் எடுத்தேன். லண்டனில் வேலை, வாரம் ஒரு மாலை வகுப்பு, பழைய ஆல்டோ ஒன்று. முதல் நாள் முழுக்க ரீட்டோடு போராட்டம். நாகஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படித்தான் இதற்கு ரீட். நாணலைச் சீவிய மெல்லிய பட்டை. வாயில் வைத்து எச்சிலில் ஊறவிட்டு, ஊதுவாயில் பொருத்தி, திருகாணியை இறுக்க வேண்டும். மேல்வரிசைப் பல்லை ஊதுவாயின் மேல் அழுத்தமாக ஊன்ற வேண்டும். கீழுதட்டைக் கீழ்ப்பல்லின் மேல் மடித்து ரீட்டுக்கு மெத்தை மாதிரி கொடுக்க வேண்டும். அரை மணி நேரம் வாசித்துவிட்டு நாக்கால் தடவிப் பார்த்தால் உதட்டின் உள்பக்கம் பல் பதிந்த வரிசை தெரியும். பல்லைப் பற்றிப் பின்னால் மறுபடி பேச வேண்டியிருக்கும், அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வயதான மனிதர். இரண்டாம் வாரமே ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு பெயர்களை எழுதிக் கொடுத்துக் கேட்டுவிட்டு வரச் சொன்னார். எல்லாமே பிரிட்டிஷ் பெயர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அமெரிக்கப் பெயர்கள். அவர்களில் ஒருவர்கூட இல்லையே என்று கேட்டேன். "அவர்களை நீங்கள் எப்படியும் கேட்டுவிடுவீர்கள். இவர்களை யாராவது சொன்னால்தான் கேட்பீர்கள்" என்றார். சரி என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அந்தத் தாள் இப்போது மடிப்பு கிழிந்து என் சாக்ஸபோன் பெட்டியில் கிடக்கிறது.

அந்தப் பெயர்கள் ஏன் வெளியே வரவில்லை என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. முதல் காரணம் ஒரு தடை. 1935 முதல் அமெரிக்க இசைக்குழுக்கள் பிரிட்டனில் வந்து வாசிக்க அரசு அனுமதி தரவில்லை. இரு நாட்டு இசைக்கலைஞர் சங்கங்களுக்கும் நடுவில் இருந்த தகராறு அது. எங்கள் ஆட்களை அங்கே விடாதபோது உங்கள் ஆட்களை இங்கே ஏன் விட வேண்டும் என்ற கணக்கு. இருபது ஆண்டுகள் இப்படியே ஓடின. ஜாஸ் பிறந்த நாட்டிலிருந்து ஜாஸ் வாசிக்கிறவர் வருவது அரிதாகிவிட்டது. அந்தக் காலத்தில் லண்டனில் வளர்ந்த ஒரு பையனுக்குக் குரு என்றால் கிராமபோன் தட்டுதான். அதே இடத்தில் ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்துக் கற்றுக்கொண்டார்கள்.

இன்னொரு வழி கப்பல். ஜெரால்டோ என்ற புகழ்பெற்ற இசைக்குழுத் தலைவர், அட்லாண்டிக் கடக்கும் பயணிகள் கப்பல்களுக்கு வாத்தியக்காரர்களை ஏற்பாடு செய்து அனுப்பினார். அதை "ஜெரால்டோவின் கடற்படை" என்றே சொல்வார்கள். கப்பலில் பணக்காரப் பயணிகள் ஆட நடன இசை வாசிக்க வேண்டும். நியூயார்க்கில் கப்பல் கரை தட்டியதும் ஓடிப்போய் 52வது தெருவில் நிஜமான ஜாஸைக் கேட்க வேண்டும். பிறகு அடுத்த பயணம் வரைக்கும் காதில் இருப்பதை வைத்துப் பிழைத்துக்கொள்ள வேண்டும். ரோனி ஸ்காட் அப்படிக் குயின் மேரி கப்பலில் போய்வந்தவர். நாள் கணக்கில் கடலைக் கடந்து, ஒன்றிரண்டு ராத்திரி கேட்டதை மனதில் இருத்திக்கொண்டு திரும்பி வருவதை நினைத்துப் பாருங்கள். கைப்பேசியில் ஒரே பாட்டை இருபது தடவை கேட்டும் என் விரலுக்கு ஏறுவதில்லை.

ரோனி ஸ்காட் 1927ல் லண்டனின் கிழக்கே ஆல்ட்கேட்டில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவும் சாக்ஸபோன்காரர். வீட்டுப் பெயர் ஷாட், மேடைக்காக ஸ்காட் ஆனது. 1948ல் இவரும் நண்பர்களும் சேர்ந்து கிளப் லெவன் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பத்து வாத்தியக்காரர்கள், ஒரு நிர்வாகி, ஆகமொத்தம் பதினொருவர், பெயர்க் காரணம் அவ்வளவுதான். நடனத்துக்காக இல்லாமல் வாசிப்பதற்காகவே ஓர் இடம் வேண்டும் என்ற ஆசை. 1950ல் போலீஸ் சோதனை வந்தது, கொஞ்ச நாளில் இடம் மூடப்பட்டது. ஆசை போகவில்லை. 1959 அக்டோபர் 30ஆம் தேதி, ஜெரார்ட் தெரு 39ஆம் எண் கட்டடத்தின் நிலவறையில், வளர்ப்புத் தந்தையிடம் கடன் வாங்கிய ஆயிரம் பவுண்டோடு ரோனி ஸ்காட்டின் கிளப் திறந்தது. கூட்டாளி பீட் கிங். அவரும் ஸ்காட்டைப் போல டெனர் சாக்ஸபோன்காரர்தான். டெனர் என்பது ஆல்டோவைவிடப் பெரிய, கனத்த குரல் கொண்ட சாக்ஸபோன்.

பீட் கிங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. கிளப்பை நடத்துவதற்காக அவர் தன் வாத்தியத்தை மூடி வைத்துவிட்டார். சங்கத்தோடு விடாமல் பேசி, ஆளுக்கு ஆள் பரிமாற்றம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் அவர்தான். அதன்படி 1961ல் ஜூட் சிம்ஸ் அமெரிக்காவிலிருந்து வந்து அந்த நிலவறையில் வாசித்தார். பதிலுக்கு இங்கிருந்து டப்பி ஹேஸ் நியூயார்க்கின் ஹாஃப் நோட் கிளப்புக்குப் போனார். தடையில் விழுந்த அந்த ஓட்டை வழியாகத்தான் பெரிய அமெரிக்கப் பெயர்கள் ஒவ்வொன்றாக லண்டன் கிளப்புக்குள் வந்தன. இதே பெயரில் பீட்டர் கிங் என்று இன்னொருவர் உண்டு. கிளப் திறந்த ராத்திரியில் 19 வயதில் அங்கே ஆல்டோ வாசித்து, கடைசிவரை வாசித்துக்கொண்டே இருந்து 2020ல் மறைந்தார். பழைய செய்திகளைத் தேடிப் படிக்கிறவர்கள் இந்த இருவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நியூயார்க்குக்கு அனுப்பப்பட்ட டப்பி ஹேஸுக்கு அப்போது 26 வயது. அப்பா பிபிசி இசைக்குழுவில் வயலின்காரர். பையனுக்கும் முதலில் வயலின்தான். பன்னிரண்டு வயதுவாக்கில் டெனர் சாக்ஸபோன் கைக்கு வந்தது, பதினைந்தில் தொழிலுக்கே இறங்கிவிட்டார். ரோனி ஸ்காட் ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். ஒருநாள் வாசித்துக்கொண்டிருந்தபோது, தன் வாத்தியத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்த ஒரு சிறுவன் வந்து நானும் சேர்ந்து வாசிக்கட்டுமா என்றானாம். சின்னப் பையன்தானே என்று மேடையில் விட்டால், அவன் வாசித்த வாசிப்பில் இவருக்கு உயிரே போய்விட்டதாம். அந்தப் பையன்தான் டப்பி. பின்னால் 1957ல் இருவரும் சேர்ந்து ஜாஸ் கூரியர்ஸ் என்ற குழுவை நடத்தினார்கள். இரண்டு டெனர்கள் ஒரே வரியை ஒரே வேகத்தில் ஒட்டி ஓடும். எங்கே ஒருவர் மூச்சு விடுகிறார் என்று கண்டுபிடிக்க முடியாது.

1964ல் அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் குழு லண்டன் ராயல் பெஸ்டிவல் ஹாலில் வாசிக்க வந்தது. டெனர்காரர் பால் கொன்சால்வெஸ் அன்றைக்கு வாசிக்கும் நிலையில் இல்லை. கேட்க வந்திருந்த டப்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஒத்திகை கிடையாது. எலிங்டன் குழுவின் தாள்கட்டு முன்னே இருந்தது, இவர் கச்சேரியை முடித்துக் கொடுத்தார். உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரபோன், புல்லாங்குழல், பெரிய குழுவுக்கு இசை எழுதுவது என்று எதைத் தொட்டாலும் வந்தது. அவர் ஸ்வரங்களை அள்ளிக் கொட்டுகிறார் என்று ஒரு குறை சொல்வார்கள். ஆரம்பத்தில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 1967ல் பதிவான "மெக்சிகன் கிரீன்" ரெக்கார்டைக் கேட்ட பிறகு அந்தப் பேச்சை விட்டேன். அதில் அவர் வேகத்தைத் தானே உடைத்துப் பார்க்கிறார். முன்பு பழகிய பாதை அடைபட்ட மாதிரி நின்று, வேறு பக்கம் இடித்துக்கொண்டு போகிறார். அதற்குள் ஹெராயினும் வந்துவிட்டது, இதயமும் கெட்டுவிட்டது. 1971ல் இதய அறுவை சிகிச்சை, மறுபடி மேடை, மறுபடி சிகிச்சை. 1973 ஜூன் 8 அன்று ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் அறுவை சிகிச்சையின்போதே போய்விட்டார். வயது 38.

அந்த ஆண்டின் இரண்டாம் நாள்தான் ஜோ ஹாரியட்டும் போயிருந்தார். ஐந்தே மாதத்தில் பிரிட்டனின் மிகச் சிறந்த ஆல்டோவும் மிகச் சிறந்த டெனரும். இப்படி ஓர் ஆண்டை வைத்துக் கணக்குப் பார்ப்பது சரியா என்று தெரியாது, ஆனாலும் 1973 என்ற எண்ணை ஒரு ரெக்கார்டின் பின்னட்டையில் பார்த்தால் எனக்கு இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

ஹாரியட் 1928ல் கிங்ஸ்டனில் பிறந்தவர். கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா பள்ளியில் வளர்ந்தார். பெற்றோர் இல்லாத, வசதி இல்லாத பையன்களுக்கான பள்ளி. அங்கே ஒரு பேண்டு இருந்தது. அந்தப் பேண்டிலிருந்து வந்த வாத்தியக்காரர்களின் பட்டியல் ஒரு நாட்டின் இசை வரலாறு மாதிரி நீளும். 1951ல் ஒரு குழுவோடு பிரிட்டன் வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். முதலில் பார்க்கர் வழியில்தான் வாசித்தார், அதையும் மிக நன்றாக வாசித்தார். அப்புறம் நுரையீரல் நோயால் மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களில் வேறொன்று மனதில் உருவானது. ராக ஆலாபனைக்கு ராகமே எல்லை என்பது போல, அன்றைய ஜாஸில் பாட்டின் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கட்டு) வரிசையும் இத்தனை பார் (தாளச் சுற்று) என்ற கணக்கும் எல்லை. அந்த வேலியை எடுத்துவிட்டு, ஐந்து பேர் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே வாசித்தால் என்ன ஆகும்? 1960 நவம்பரில் "ஃப்ரீ ஃபார்ம்" என்ற ரெக்கார்டில் செய்து காட்டினார். டிரம்பெட்டில் செயின்ட் வின்சென்ட் தீவுக்காரர் ஷேக் கீன், பேஸில் ஜமைக்காக்காரர் கோல்ரிட்ஜ் குட். அடுத்த மாதம்தான் அமெரிக்காவில் ஆர்னெட் கோல்மன் தன் புகழ்பெற்ற "ஃப்ரீ ஜாஸ்" பதிவைச் செய்தார். ஒருவர் இன்னொருவரைப் பார்த்து எழுதியதில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் காதுக்கே தெரியும். கோல்மனுடையது ஒரு வெள்ளம். ஹாரியட்டுடையதில் காலி இடம் நிறைய. திடீரென ஒருவர் நிறுத்துவார், இன்னொருவர் அந்த மௌனத்தை எடுத்துக்கொள்வார். ஆனால் உலகம் படித்த வரலாற்றில் கோல்மனின் பெயர் மட்டும்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

பிறகு வந்ததுதான் நம் ஊர்க் காதுகளுக்கு நெருக்கமானது. கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயர் என்ற வயலின்காரர் உதவித்தொகையில் லண்டன் வந்து, அங்குள்ள பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் வாசித்துக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் டெனிஸ் பிரெஸ்டன் அவரையும் ஹாரியட்டையும் சேர்த்து வைத்தார். ஜாஸ் ஐவர், இந்திய வாத்தியங்களோடு இன்னொரு ஐவர், சிதார், தபலா, தம்புரா என்று. 1966ல் "இந்தோ ஜாஸ் சூட்" வெளியானது. அதில் ஒரு பகுதியின் பெயரே "ராக மேகா". ஹிந்துஸ்தானி மேக ராகம் நம் மத்யமாவதிக்குப் பக்கத்து வீடு. முதல் தடவை அதைக் கேட்டபோது ஒரு பழகிய முகத்தை எதிர்பாராத ரயில் நிலையத்தில் பார்த்தது போல இருந்தது. குறையில்லாத ரெக்கார்டு என்று சொல்ல மாட்டேன். மேயர் எழுதி வைத்த பகுதிகள் இறுக்கமானவை, தபலா ஒரு பக்கம் டிரம்ஸ் ஒரு பக்கம் என்று சில இடங்களில் ஒட்டாமல் நிற்கின்றன. வேலியைப் பிடுங்கி எறிந்த ஒரு மனிதரைப் புது வேலிக்குள் விட்ட மாதிரியும் தோன்றும். ஆனால் ஹாரியட்டின் முறை வரும்போது அந்தக் கூர்மையான, கொஞ்சம் அழுகை கலந்த ஆல்டோ உள்ளே நுழைந்து, கொடுத்த ஸ்வரங்களை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போகிறது. ஏதோ ஒரு ஸ்வரத்தை அவர் கீழிருந்து இழுத்து மேலே கொண்டுவருவதைக் கேளுங்கள். கமகம் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டாரோ இல்லையோ, அந்த வளைவு அங்கே இருக்கிறது.

அதற்கு அப்புறம் ஆறேழு ஆண்டுதான். ராக் இசை வந்து கூட்டத்தைக் கொண்டுபோனது. நிலையான குழு இல்லை. ஊர் ஊராகத் தனியாகப் போய், அந்தந்த ஊர் வாத்தியக்காரர்களோடு வாசித்துக் கிடைத்ததை வாங்கிக்கொண்டார். புற்றுநோய் வந்தது. அதன் பிறகு அந்தக் கல்லும் அந்த வாக்கியமும்.

இந்த வாழ்க்கைகளில் பணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி. ஜாஸிலிருந்து பெரும்பாலும் வரவில்லை. ஸ்டுடியோவில் அடுத்தவர் பாட்டுக்கு வாசித்ததில் வந்தது. பீட்டில்ஸின் 1968ஆம் ஆண்டு "லேடி மடோனா" பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் வரும் சாக்ஸபோன் சோலோ ரோனி ஸ்காட் வாசித்தது. இதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே எத்தனையோ தடவை அதைக் கேட்டிருக்கிறேன். ஆர்ட் தெமென் என்ற டெனர்காரர் வேறு வழி பிடித்தார். பகலில் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர், ராத்திரியில் கிளப்.

எழுதிக் கொடுத்த தாளில் பெண்கள் இருவர். கேத்தி ஸ்டோபார்ட் 1925ல் சவுத் ஷீல்ட்ஸில் பிறந்து, 14 வயதிலேயே பெண்கள் மட்டுமே இருந்த ஒரு பேண்டில் சேர்ந்தவர். டிரம்பெட்காரரான கணவர் 1969ல் இறந்த பிறகு, ஹம்ப்ரி லிட்டில்டன் குழுவில் ஆண்களுக்கு நடுவே ஆண்டுக்கணக்காக டெனர் வாசித்தார். மாலை வகுப்புகளில் வேலைக்குப் போகிற சாதாரண மனிதர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். என் மாதிரி ஆட்களுக்கு அந்தப் பெயர் தனி. இன்னொருவர் பார்பரா தாம்ப்சன். 1997ல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. விரல் நுனியில் வாழ்கிற தொழில், நோயோ முதலில் விரலைப் பிடிக்கிறது. 2001ல் மேடையிலிருந்து விடைபெற்றார். சில ஆண்டுகளில், கணவர் ஜான் ஹைஸ்மனின் கொலோசியம் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தபோது திரும்பி வந்தார். மாத்திரை வேலை செய்கிற நேரத்துக்குள் வாசிக்க வேண்டும். வாசிக்க முடியாத நாட்களில் இசை எழுதினார். 2022 வரை இருந்தார்.

பல்லுக்கு வருகிறேன். ரோனி ஸ்காட்டுக்கு அறுபதைத் தாண்டிய பிறகு பல் கெட்டது. பல் பதிக்கும் சிகிச்சை நீண்டது. ஊதுவாயின் மேல் ஊன்ற மேல்வரிசைப் பல் உறுதியாக இல்லையென்றால் ஸ்வரம் நிற்காது. ஐம்பது ஆண்டு அந்த இடத்திலேயே இருந்த அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் உதடு வேறு ஒருவருடையது போல ஆகிவிடும். பிரித் தெருவுக்கு 1965ல் இடம் மாறிய அவரது கிளப்பில் உலகத்துப் பெரிய ஆட்கள் எல்லாம் வந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள், கதவில் இவர் பெயர், இவரால் மட்டும் வாசிக்க முடியவில்லை. மனச்சோர்வு முன்பிருந்தே இருந்தது. 1996 டிசம்பர் 23 அன்று, சிகிச்சைக்காகத் தரப்பட்ட மருந்து அளவு மீறி உடலில் சேர்ந்து இறந்தார். தவறுதலாக நேர்ந்த மரணம் என்று விசாரணையில் பதிவானது. இதைப் படித்த அன்றைக்கு என் வாத்தியத்தை வெளியே எடுத்தேன், வாசிக்கவில்லை. ஊதுவாயின் மேல் என் பல் தேய்த்து உண்டான சின்னப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிட்டேன்.

பின்னால் வந்தவர்களை இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. 1986ல் முதல் ரெக்கார்டோடு வந்த கோர்ட்னி பைன், அவருக்குப் பிறகு வந்த கரீபிய, ஆப்பிரிக்க வேர்கொண்ட இளைஞர்கள், 1991ல் தொடங்கி இலவசமாகச் சொல்லிக்கொடுத்து வரும் டுமாரோஸ் வாரியர்ஸ் என்ற அமைப்பு, அங்கிருந்து வந்த நுபியா கார்சியா, இவர்களை இன்றைக்கு உலகமே கேட்கிறது. ஜோ ஹாரியட்டின் பெயரைச் சொல்ல இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். டப்பி ஹேஸ் 1969ல் பதிவு செய்து வெளிவராமல் கிடந்த நாடாக்களும் 2019ல் ரெக்கார்டாக வந்துவிட்டன.

அந்தத் தாளில் கடைசிப் பெயர் பாபி வெல்லின்ஸ். கிளாஸ்கோக்காரர், டெனர். 1965ல் பியானோக்காரர் ஸ்டான் டிரேசி, கவிஞர் டிலன் தாமஸின் வானொலி நாடகத்தை வைத்து "அண்டர் மில்க் வுட்" என்று ஒரு தொகுப்பு எழுதினார். ரோனி ஸ்காட் கிளப்பில் ராத்திரி முழுக்கப் பியானோ வாசித்துவிட்டு, வீட்டுக்குப் போகும் ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியது. அதில் "ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்" என்ற பகுதியில் வெல்லின்ஸ் வாசிக்கிறார். பியானோ பின்னால் மெல்ல அலைபோல அசைகிறது. டெனர் நாலைந்து ஸ்வரம் சொல்கிறது, நிற்கிறது, மறுபடி சொல்கிறது. ஊர் தூங்கிய பிறகு தெருவில் ஒருவர் நடந்து போகிற சத்தம். அதற்கு அப்புறம் ஹெராயின் அவரை ஏறக்குறைய பத்து ஆண்டு வாத்தியத்தைத் தொடவிடாமல் வைத்திருந்தது. 1970களின் பிற்பகுதியில் மீண்டு வந்தார், 2016ல் 80 வயதில் மறையும்வரை அதே குரலில் வாசித்தார். இந்தக் கட்டுரையில் மீண்டு வந்தவர்கள் குறைவு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த முதல் வரியைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன். அவருடையது டெனர், என்னுடையது ஆல்டோ, சுருதி மாற்றி எழுதிக்கொண்டேன். விரலுக்கு அதில் வேலையே இல்லை. ஒரு ஸ்வரத்தை எடுத்து, அது தானாகத் தேய்ந்து காற்றாகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவது ஸ்வரம்வரை வருகிறது. நாலாவதில் மூச்சு முடிந்துவிடுகிறது.